உரிப்பதற்கும் ஒரு நெறி உண்டு

ஒரு காலத்தில் வசதியின் அடையாளமாகப் பசை தடவி ஒட்டப்பட்ட தரைவிரிப்புகள் இன்று நம் பழைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் முதுமை எய்திவிட்டன. நிறம் மங்கி, அடியிலுள்ள நுரைரப்பர் பொடிந்து, புழுதியைச் சேர்த்துவைத்துக் கிடக்கின்றன. படிக்கட்டுகளில் விளிம்பு பிரிந்து முதியோரின் காலை இடறுகின்றன. அவற்றை அகற்றியாக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அகற்றும் முறையில்தான் நாம் பெரும்பிழை செய்துவருகிறோம் என்பது என் எண்ணம்.

வழக்கமாக நமக்குக் கிடைக்கும் அறிவுரை, "தரையையும் சேர்த்துக் கொத்திவிட்டு டைல்ஸ் போட்டுவிடுங்கள்" என்பதே. டைல்ஸ் பதிப்பதற்குச் சதுரஅடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசலாம். பசை சுரண்டுவதோ நாள் கணக்கில் இழுக்கும் வேலை. எனவே பொறுமையைக் காட்டிலும் இடிப்பது மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் இடிபடுவது எது? ரெட் ஆக்சைடு கலந்த சிவப்புச் சிமெண்டுத் தரை, கொத்தனார் குந்தி அமர்ந்து, காரை இறுகும் பக்குவம் அறிந்து, கரணையால் மீண்டும் மீண்டும் தேய்த்து மெருகேற்றியது. ஆத்தங்குடிக் கற்களோ கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கப்பட்டு, சூளையில் சுடப்படாமல், நீரில் ஊறி உறுதிபெறுபவை. இவ்விரண்டையும் நன்கு செய்யத் தெரிந்த கைகள் இன்று அருகிவருகின்றன. கொத்தியெறிந்த பிறகு அதே தரையை எவ்வளவு பணம் கொடுத்தும் மீட்டுவிட முடியாது.

மேலடுக்கை நீக்குவது எத்தகைய நுண்பணி என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்து வேறு பலகைகளில் பதித்துக் காத்தனர், கீழடுக்கையும் வெளிக்கொணர்ந்தனர். வீட்டுத்தரை ஓவியமன்று எனினும், அடியில் இருப்பதை அறிந்த பின்னரே மேலிருப்பதில் கைவைக்க வேண்டும் என்ற நெறி இரண்டிற்கும் பொதுவானது.

அந்நெறி நடைமுறையில் கடினமானதன்று. ஒரு மூலையை மட்டும் முதலில் உரித்துப் பார்க்கவேண்டும். பிறகு விரிப்பைச் சற்றே தூக்கிப் பிடித்து, கத்திமுனை தரையைத் தீண்டாதவாறு, முழ அகலக் கீற்றுகளாக வெட்டி உரிக்கலாம். படிக்கட்டில் மேற்படியிலிருந்து கீழ்நோக்கி வருவதும், ஆணிகளையும் விளிம்புப் பட்டைகளையும் ஒன்றுவிடாமல் பிடுங்குவதும் அவசியம். எஞ்சும் பசை நீரில் இளகுவதாயின் சுடுநீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் பரப்பிவைத்தாலே போதும். ரப்பர் பசை நீருக்கு மசியாது. வெப்பக் காற்றால் இளக்கி, மரச் சுரண்டியால் தாழ்வாகச் சாய்த்துத் தள்ளவேண்டும். தின்னர் போன்றவை கடைசி வழி. அப்போதும் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பே கூடாது.

அமிலத்தையோ அரவை இயந்திரத்தையோ நாடுவதுதான் பெருங்கேடு. கழிவறைக்கு வாங்கும் அமிலம் ரப்பர் பசையைக் கரைப்பதில்லை, சிமெண்டை அரித்துவிடுகிறது. அரவை இயந்திரமோ மேலேயுள்ள மெல்லிய வண்ணப் படலத்தையும் பசையோடு சேர்த்துக் கொண்டுபோய்விடும். விரிப்புக்கடியில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த ஈரம் வெளியேறும்போது வெள்ளையாக உப்புப் பூக்கக்கூடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, நன்கு காயவிட்டு, அதன்பின் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பழைய மெருகு பெரிதும் திரும்பும்.

உரிக்காமல் விடுவதே அறிவுடைமையாகும் இடமும் உண்டு. அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும் நம் நண்பர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். அங்கு 1980களுக்கு முன் பதிக்கப்பட்ட வினைல் தரைவில்லைகளிலும் அவற்றை ஒட்டிய தார் போன்ற கரும்பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உலரச் சுரண்டினாலோ தேய்த்தாலோ எழும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஆய்வகத்தில் சோதித்தறியும்வரை தொடாதிருப்பதும், இருப்பது உறுதியானால் சிதையாத தரையை அப்படியே மூடிவிடுவதுமே முறை.

ஆகவே நான் வேண்டுவது இரண்டு. வீட்டைப் புதுப்பிக்கும் மதிப்பீட்டில், இடிக்கும் செலவுக்கு முன்பாக உரிக்கும் கூலியை ஒரு தனி வரியாக எழுதுங்கள். அந்த வேலையைச் செய்பவருக்கு முழு நாட்கூலியும், வேண்டிய நாட்களும், முகக்கவசமும் கையுறையும் கொடுங்கள். அவசரப்படுத்தப்படாத தொழிலாளியால் மட்டுமே ஒரு பழைய தரையைக் காப்பாற்ற இயலும்.