பயறு வேகாமைக்கு உப்பு பொறுப்பன்று

காய்ந்த பயறு வகைகளை வேகவைக்கும்போது தொடக்கத்திலேயே உப்பிட்டால் அவை வேகாமல் விறைத்துப்போகும், ஆகவே வெந்த பின்னரே உப்புச் சேர்க்க வேண்டும் என்னும் கூற்று, அடுப்பங்கரைகளில் நெடுநாளாக வழங்கி, இன்று மின்சார பிரஷர் குக்கருக்கான செய்முறைக் குறிப்புகளிலும் கேள்வியின்றி இடம்பெற்றுவிட்டது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்றும் முழுமையாக நிற்பதில்லை. முதன்மையான காரணத்திலோ உண்மை அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

‘உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது’ என்னும் அனுபவமொழியே முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. அனுபவம் பொய்யன்று, சொல்தான் மயக்குகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை மக்கள் உப்புத் தண்ணீர் என்று அழைத்தாலும், அதில் பருப்பை வேகவிடாமல் தடுப்பவை கடினத்தன்மைக்குக் காரணமான கால்சிய, மக்னீசிய உப்புகளே அன்றி, சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு அன்று. பயற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். வேகுதல் என்பது பெரும்பாலும் இப்பசை கரைந்து செல்கள் விலகுவதாகும். பெக்டின் இழைகளுக்கு இடையே கால்சியமும் மக்னீசியமும் கொக்கிகளைப் போலப் பிணைந்து நிற்பதால், கடின நீர் அக்கொக்கிகளைப் பெருக்கிப் பயற்றை இறுக்குகிறது. சோடியமோ அவற்றை அப்புறப்படுத்திவிட்டு அவ்விடத்தில் தான் அமர்கிறது. ஒற்றை மின்னூட்டம் மட்டுமே கொண்ட அதனால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்க இயலாது என்பதால், தோல் இளகுகிறது. லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் வரை உப்பிட்ட நீரில் இரவு முழுதும் ஊறிய கொண்டைக்கடலை, தோல் வெடிக்காமல் மலர்ந்து வேகுவது இதனால்தான். ஒரே பெயர் இரு வேறு பொருள்களுக்கு வழங்கியதன் விளைவாக, ஒன்றின் குற்றம் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கிறது.

இரண்டாவதாக, உப்பிட்ட குழம்பில் போட்ட பயறு எவ்வளவு கொதித்தும் வேகுவதில்லை என்பர். அக்குழம்பில் உப்போடு புளியோ தக்காளியோ இருப்பதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அமிலத்தில் பெக்டின் எளிதில் கரையாது. ஆகவே வேக்காட்டைத் தடுப்பது புளிப்பே. சாம்பாருக்குப் பருப்பைத் தனியே வேகவைத்துப் பின்னர்ப் புளிக்கரைசலில் சேர்க்கும் வழக்கம் இந்த வேதியியலுக்கு முற்றிலும் பொருந்துகிறது. கூட்டாளியான உப்பையும் அதே விலக்கில் சேர்த்ததுதான் பிழை.

மூன்றாவது காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. உப்பு நீரில் பயறு நீரை உறிஞ்சும் வேகம் சற்றே குறைகிறது. ஆயினும் நீர் உறிஞ்சுதலும் மென்மையாதலும் வேறு வேறு நிகழ்வுகள். முன்னதில் உப்பினால் நேரும் தாமதத்தை எட்டு மணி நேர ஊறல் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது, பின்னதில் உப்பு துணையே செய்கிறது. ஊறவைக்காமல் நேரே குக்கரில் இடுவோருக்கு மட்டும் இத்தடை சிறிது பொருட்படுத்தத் தக்கது.

உப்பு கொதிநிலையை மாற்றிவிடும் என்ற வாதம் நீண்ட மறுப்புக்கு உரியதன்று. லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையைக் கால் டிகிரி அளவுக்குக்கூட உயர்த்துவதில்லை. உயர்த்தினாலும் அது வேக்காட்டுக்குச் சாதகமே. மேலும், மூடிய குக்கரில் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அழுத்தம். மின்சார வகைகள் பலவற்றில் அது ஏறத்தாழ 115 முதல் 118 டிகிரி செல்சியஸ் வரை செல்லும். அடுப்பில் வைக்கும் குக்கரின் சுமார் 120 டிகிரியைவிட இது சற்றுக் குறைவு என்பதால், விசில் கணக்கை அப்படியே நிமிடங்களாக மாற்றுவோர் அரைவேக்காட்டுப் பயற்றைப் பெற்றுவிட்டு, அதற்கும் உப்பையே நொந்துகொள்கின்றனர்.

பின்னர் உப்பிடும் முறை மின்சார குக்கருக்குக் குறிப்பாகப் பொருந்தாது. நுரைத்துப் பொங்கும் பயற்று நீரைக் கருதி அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், இடையில் மூடியைத் திறந்து உப்பிட வழியில்லை; இறுதியில் இட்டாலோ அது வெளி நீரிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. சுண்டலுக்காக அந்நீரை வடித்துவிடும்போது உப்பும் உடன் போக, தாளிப்பில் மீண்டும் தூவப்படும் உப்பு தோலின் மேல் மட்டும் உறைத்து, உள்ளே பருப்பு சப்பென்றிருக்கிறது. மூடிய கலத்தில் நீர் அதிகம் ஆவியாகாததால், தொடக்கத்தில் அளந்து இட்ட உப்பு சுண்டிக் கரித்துப்போகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நெடுநாள் கிடந்த பயற்றின் நிலை வேறு. அதன் உள்ளிருக்கும் பைட்டேட் என்னும் சேர்மம் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு பெக்டினை இறுக்கிவிடுவதால், உப்பை எப்போது இட்டாலும் அத்தகைய மொச்சை முழுமையாகக் குழைவதில்லை. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா அதை இளக்கும். ஆனால் அது தயாமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைப்பதோடு, சற்றே மிகுந்தால் சோப்பின் சுவையையும் ஏற்றிவிடும்.