வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்

முதலியார்பேட்டையிலும் வாணரப்பேட்டையிலும் தேங்காய்த்திட்டிலும் வாழும் பெரியோர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் பாரீஸ் புறநகரிலிருந்து வணக்கம்.

பிரான்சுக்கு வந்துவிட்ட புதுச்சேரிக்காரர்கள் ஊருக்கு எழுதுவது பெரும்பாலும் வீட்டுப் பத்திரம், கோயில் திருப்பணி, கல்யாணம் கருமாதி பற்றித்தான். இந்த மடல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றியது. பெரிய தொழிற்சாலையோ துறைமுகமோ வருவதற்கு முன், கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமையேற்க, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி உடனிருக்க, சுற்றுவட்டாரத்து மக்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கூட்டம் அது. போவதா வேண்டாமா என்பதைவிட, போய் என்ன சொல்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் கட்சி. அங்கே தலை எண்ணுவதில்லை, கைதூக்கச் சொல்வதில்லை. எழுத்தில் ஏறுவது மட்டுமே மேலே போகிறது.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் வெளியூர் போக வேண்டாம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைமுகத்துக்காக 1980களின் பிற்பகுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே காந்தி சிலைக்கு எதிரே மணல் போய்ப் பாறாங்கல் வந்தது. அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவ ஊர்களின் வீடுகளையும் தொட்டது. மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்பது கட்டுமரம் தள்ளியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர்களைக் கேட்டாக வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் வந்தது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல், கருத்துக்கேட்பு 1997இல். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு நகரத்துக் கடற்கரைக்கு ஓரளவு மணல் திரும்பியது. வடக்கே இடிந்த வீடுகள் திரும்பவில்லை. சுற்றுச்சூழல் நீதி என்ற பெரிய சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான்: லாபம் யார் வீட்டுக்கு, சேதம் யார் வாசலுக்கு?

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14 தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு உண்டு, எல்லாம் வீடியோவில் பதிவாகும். வர முடியாதவர் எழுதி அனுப்பலாம். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. மேடையில் இருப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரமில்லை. அவர்கள் எழுதி அனுப்பும் நடவடிக்கைக் குறிப்பு நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகிறது, அக்குழுவும் பரிந்துரைதான் செய்யும். அப்படியானால் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? உத்கர்ஷ் மண்டல் என்ற அமைப்பு தொடுத்த கோவா சுரங்க வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் பதில் சொல்லிவிட்டது: மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்தே ஆக வேண்டும், தள்ளினால் காரணம் எழுத வேண்டும்.

காரணம் எழுத வைக்கும் ஆட்சேபம் எது என்பதுதான் நாம் கற்க வேண்டிய வித்தை. “இந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம்” என்றால் “சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். “ஐப்பசி கார்த்திகையில் உப்பாறு வாய்க்கால் நிரம்பினால் எங்கள் தெருவில் இத்தனை நாள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அறிக்கைக்கான அளவெடுப்பு கோடையில் நடந்திருக்கிறது, மனையை நான்கடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு வரி போதாது. போர்வெல் தண்ணீர் எந்த மாதம் உப்புக் கரிக்கிறது, முகத்துவாரத்தில் எந்த மீன் குறைந்தது என்பதெல்லாம் ஆலோசனை நிறுவனத்தின் கணினியில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பீர்கள். நியாயமான குறைதான். 2020இல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது அதை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குறையையும் முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுங்கள்.

“எல்லாம் கண்துடைப்பு” என்பவர்களை மறுக்க நான் அவசரப்படவில்லை. 2023 ஜனவரி 31 அன்று சென்னையில், கடலுக்குள் அமைக்கத் திட்டமிட்ட பேனா நினைவுச்சின்னம் பற்றி நடந்த கூட்டம் கூச்சலுக்காகவே நினைவில் நிற்கிறது, திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சகத்தின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் கூட்டமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கம் கருத்துக்கேட்பு இல்லாமலே நகர்ந்தது. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 2018 மே 22 அன்று தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கத்தை நிறுத்திவைத்து, மக்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றது. கண்துடைப்பு என்று நாம் ஒதுக்கும் கூட்டத்தைப் பெற அங்கே இவ்வளவு விலை.

“ரோடியர் மில் 2020இல் மூடியாகிவிட்டது, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?” என்பது இன்னும் கனமான கேள்வி. வேண்டும். கருத்துக்கேட்பு தொழிலுக்கு எதிரான மேடை அல்ல. எத்தனை வேலை, உள்ளூருக்கு எத்தனை, கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினால், நிறுவனமும் அதற்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவலரின் குண்டுக்கு 12 பேரைக் கொடுத்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் ஆலையை மூடச் சொல்லவில்லை, எட்டு மணி நேர வேலைதான் கேட்டார்கள்.

விட்டுப்போனவனுக்கு இதில் என்ன பேச்சு என்றும் கேட்கலாம். தூசியும் நாற்றமும் எனக்கில்லை, ஆகவே முடிவும் என்னுடையதல்ல. ஒப்பிட்டுச் சொல்ல மட்டும் எனக்கு இடமுண்டு. இங்கே பொது விசாரணைக்கு முன் திட்டம் வரும் இடத்திலேயே மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், தலைப்பெழுத்தின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்பது வரை விதி இருக்கிறது. விசாரணை ஆணையர் பாதகமாக எழுதினாலும் நிர்வாகம் மீறலாம். மீறினால், தடை கேட்டு நீதிமன்றம் போகிறவர் அவசரத்தை நிரூபிக்கத் தேவையில்லை, திட்டத்தின் சட்டப்பூர்வத் தன்மையில் வலுவான ஐயம் காட்டினால் போதும். இங்கும் எழுத்துதான் பின்னால் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடியும்போது, அன்று பேசியவற்றின் சுருக்கத்தை அதிகாரி தமிழில் படித்துக் காட்டி விளக்க வேண்டும், அதன் பிறகே கலெக்டர் தரப்பில் கையெழுத்து. மழை வந்தாலும் பஸ் போய்விட்டாலும் அதுவரை இருங்கள். நீங்கள் கேட்ட கேள்வி அதில் இல்லையென்றால், எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்