மணம் முறிந்தது, சாசனம் முறியவில்லை

விவாகரத்துத் தீர்ப்புடன் நீதிமன்றப் படியிறங்குவோர், அத்துடன் எல்லாத் தொடர்பும் அற்றதென எண்ணுகின்றனர். இஃது ஆபத்தான தப்பெண்ணம். தம்பதியராய் வாழ்ந்த நாளில் ஒருவர் மற்றவருக்கு எழுதிவைத்த மரண சாசனத்தை விவாகரத்து அழிப்பதில்லை.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். தாய் மகளுக்கு எழுதிய வளவிலேயே மருமகன் வந்து குடிபுகுவான். அவ்வீட்டைக் கணவனுக்கென ஒருத்தி மரண சாசனம் எழுதினாள் எனக் கொள்வோம். பின்னர் மணம் முறிந்தது. சாசனமோ பெட்டியிலே கிடந்தது. அவள் கண்மூடியபின் வீடு யாருக்கு? பெற்ற பிள்ளைகளுக்கா? அன்று, பிரிந்துபோன கணவனுக்கே!

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதியவர் பின்னர் மணம் முடித்தால் சாசனம் இரத்தாகும். புதிய சாசனம் எழுதினாலும், பழையதை இரத்தாக்கும் எண்ணத்துடன் கிழித்தாலும் எரித்தாலும் இரத்தாகும். விவாகரத்து இவ்வரிசையில் இல்லை.

சாசனம் எழுதாதோர் நிலை யாது? தாய்வழி உரிமை பேணிய முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. தேசவழமைக்கு உட்படாத இப்பகுதித் தமிழரை ஆள்வது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம். முஸ்லிம் சகோதரருக்குத் தனிச்சட்டம் உண்டு. 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி இறந்தவரின் சொத்திற் பாதி வாழ்க்கைத் துணைக்குரியது. விவாகரத்து முற்றானால் அவ்வுரிமை ஒழியும். ஆனால் இடைக்காலத் தீர்ப்புக்கும் முற்றான தீர்ப்புக்கும் இடையே குறைந்தது மூன்று மாதம் உண்டு. அதற்குள் ஒருவர் இறப்பின், மற்றவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் துணையே!

இதே குறை இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்திலும் இருந்தது. 1982இல் அந்நாடு அதனைத் திருத்தி, விவாகரத்தானவருக்கு எழுதிய கொடை செல்லாதென விதித்தது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தை அவர்களே கைவிட்ட குறையுடன் நாம் ஏன் சுமக்கவேண்டும்? பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இத்திருத்தத்தைக் கோரவேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நம் கடன் ஒன்றுண்டு. விவாகரத்து வழக்குத் தொடுக்கும் அன்றே நொத்தாரிசிடம் சென்று, பழைய சாசனத்தை இரத்தாக்கிப் புதியது எழுதுக. தாய் தந்த வீடு பிள்ளைகளுக்கே சேர்க!