மலைப்பாதையும் மிகையூட்டியும்

பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினுக்குக் காற்றை வலிந்து ஊட்டும் கருவியைப் பின்னர் வாங்கிப் பூட்டுவது நன்றா, அன்றி ஆலையிலேயே அவ்வாறு ஆக்கப்பட்ட எஞ்சினைக் கொள்வது நன்றா என்னும் வாதம் நம் பழைய மாணவருள் வண்டித் தொழில் புரிவோரிடையே ஓயாது நிகழ்கின்றது. தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் உளர். ஸ்பிரிங்வெளி மலைச்சரிவிலிருந்து மரக்கறியும் விறகும் பதுளைக்கு இறங்குவது இத்தகைய வண்டிகளில்தான். நள்ளிரவில் நோயாளரையும் பேறுகாலப் பெண்களையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பவையும் பலகால் இவையே. அவ்வண்டி இடைவழியில் நின்றால் நேர்வது யாதென்பதை இம்மலையில் வாழும் எவரும் அறிவர். ஆதலின் எமக்கும் இதில் ஒரு சொல் உண்டு.

எஞ்சின் எண்ணெயை மட்டும் உண்பதன்று, காற்றையும் உண்பது. உட்செல்லும் காற்று மிகுந்தால் எரியத்தகும் எண்ணெயும் மிகும், வலுவும் மிகும். கொல்லன் உலையில் துருத்திக்கு உள்ள வேலையே இங்கும். எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே இயங்கும் துருத்தி சூப்பர் சார்ஜர் எனப்படும். வெளியேறும் புகையின் விசையாற் சுழல்வது டர்போ. முன்னதை மிகையூட்டி எனத் தமிழில் வழங்கலாம் என்பது எம் எண்ணம். கராஜில் அச்சொல் செல்லாது என்பதையும் யாம் அறியாமலில்லை.

இது புதுமையான பொருளுமன்று. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர் 1860 இல் உரிமம் பெற்ற காற்றூதி இதன் மூதாதை. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து இலங்கைக்கு வந்த எம்2 வகைப் புகையிரத எஞ்சின்கள், ‘அல்பேர்ட்டா’ முதலிய பெயர் தாங்கியவை, அந்த ரூட்ஸ் வகைக் காற்றூதி உடையனவே. காற்றை உட்செலுத்திப் புகையை வெளியேற்ற அது இன்றியமையாதது. அதனைக் கழற்றினால் அவ்வெஞ்சின் ஓடவே மாட்டாது. பிஸ்டன் முதல் குளிர்நீர்க் குழாய் வரை யாவும் அதனை எண்ணியே அமைக்கப்பட்டன.

மலைநாட்டில் மிகையூட்டிக்கு நியாயமே இல்லை என்று யாம் கூறோம். பதுளை நகர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 680 மீற்றர் மேலே உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேல். புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் உள்ள பட்டிப்பொல 1,891 மீற்றர். பட்டிப்பொலயில் காற்றின் செறிவு கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கே. தானே மூச்சிழுக்கும் எஞ்சின் அங்கே தன் வலுவிலும் ஏறத்தாழ ஆறில் ஒன்றை இழக்கின்றது. கொழும்பில் துள்ளிய வண்டி இங்கே திணறுவது ஓட்டுநரின் மனப்பிரமை அன்று. இழந்த அந்த ஒரு பங்கை ஈடுசெய்ய விழைவோரை யாம் குறைகூறோம். ஆயின் ஈடுசெய்தல் வேறு. மிகை செய்தல் வேறு. கராஜுக்குச் செல்லும் இளைஞர் பெரும்பாலும் முன்னதைச் சொல்லிப் பின்னதையே செய்வித்துக்கொள்கின்றனர்.

மிகை செய்வோர் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவை. அங்கே காட்டுப்பாதைக்கென வந்த 2021 ஆம் ஆண்டு ராம் டி.ஆர்.எக்ஸ் வண்டி 702 குதிரைவலு உடையது. 2023 ஆம் ஆண்டு போர்ட் ராப்டர் ஆர் 700. இரண்டும் ஆலையிலேயே மிகையூட்டி பெற்றவை. ராம் வண்டியின் சாதாரண 5.7 லீற்றர் எஞ்சினில் அழுத்த விகிதம் 10.5, மிகையூட்டி பூட்டிய 6.2 லீற்றர் எஞ்சினில் அதனை 9.5 ஆகக் குறைத்தே வைத்தனர். காற்றைத் திணிக்குமுன் அதற்கு இடம் செய்தனர் என்பது பொருள். டொயோட்டா நிறுவனமோ தன் டன்ட்ரா வண்டிக்குப் பின்னர்ப் பூட்டும் மிகையூட்டியையும் விற்றது. 381 குதிரைவலு 504 ஆயிற்று. அழுத்த விகிதமோ 10.2 ஆகவே நின்றது. எனினும் அது செய்தவனே சோதித்து, தன் முகவர் பூட்டினால் தன் உத்தரவாதமும் நிலைக்கும் என ஏற்றுக்கொண்ட கருவி. பின்னர்ப் பூட்டுவது யாவும் தீது என்பார்க்கு அதுவே மறுப்பு.

நம்மூரில் அவ்வாறு பொறுப்பேற்பார் யார்? டர்போ இன்றி வந்த பழைய ஹைலக்ஸ் டீசல் எஞ்சினில், வேறொரு வண்டியிற் கழற்றிய டர்போவைப் பூட்டி, எண்ணெய்ப் பம்பின் திருகைச் சற்றே திருப்பிவிட்டால் வலு கூடுவது மெய்யே. கரும்புகையும் கூடும், 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையில் அது தலைகாட்டும். அதனினும் பெரிது வெப்பம். சுமையேற்றிக்கொண்டு தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஊர்ந்தேறும் வண்டியின் றேடியேட்டருக்கு எதிர்க்காற்றுப் போதாது. சமவெளியில் ஆண்டுக்கணக்காகத் தாங்கும் எஞ்சின் இங்கே தலைப்பகுதி வெடித்து நிற்கும்.

ஏறியது இறங்கவும் வேண்டுமே! பூட்டிய கருவி பிறேக்குக்கு ஒரு விரற்கடை வலுவும் சேர்ப்பதில்லை. மழைநாளில், தேயிலைச் சரிவின் ஓரமாக வளைந்து வளைந்து இறங்கும் பாதையில், 500 குதிரைவலுவும் 80 குதிரைவலுவும் ஒன்றே. வேகமாக ஏறப் பழகியவன் வேகமாக இறங்கவும் துணிகின்றான் என்பதே எம் அச்சம். ஆலையில் வலுவைக் கூட்டுவோர் பிறேக்கையும் அதற்கேற்ப அமைக்கின்றனர். நம் கராஜ்களில் அதற்குப் பணம் மிஞ்சுவதில்லை.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்தும், வரி சேர்ந்த விலை எளியோர் எட்டும் தொலைவில் இல்லை. புதிது வாங்கு எனக் கூறுதல் எளிது. யாம் அதனைக் கூறோம். டர்போவுடன் ஆலையில் ஆன எஞ்சினையே றேடியேட்டரோடு முழுமையாக மாற்றுதல், கருவி ஒன்றை மட்டும் ஒட்டுவதினும் செலவு மிக்கதாயினும் தக்கது. அதற்கும் இயலாதோர் பம்பின் திருகைத் தொடாது, மலை கவர்ந்த அளவை மட்டும் மீட்கும் சிற்றளவுக் காற்றோடு நின்றுகொள்க. புகைக்குழாயில் வெப்பமானி ஒன்றையும் பொருத்துக. நம் மாணவர் எவரேனும் தொழில் பழக வந்தால், டர்போவைக் காட்டுமுன் பிறேக் வேலையைப் பழக்குமாறு கராஜ் நடத்தும் பழைய மாணவரை வேண்டுகின்றோம்.