வயிற்றிற் கரையாத மருந்து

நோயொன்றிற்கு மருந்து கண்டனர் என்னும் செய்தி கேட்டு மகிழ்கின்றோம். அம்மருந்து நீரிற் கரையுமா என வினவுவார் நம்முள் அரியர். விழுங்கிய மாத்திரை குடல்நீரிற் கரைந்தாலன்றிக் குருதியிற் சேராது. குருதியிற் சேராதது நோயிடத்தை எட்டாது, கழிவோடு கழிந்துபோம். இன்று ஆய்வுக்கூடங்களில் உருவாகும் புதுமருந்துகளிற் பெரும்பகுதி இவ்வாறு நீரோடு ஒட்டாதவையே.

இக்குறை எத்துணைக் கொடிது என்பதற்குச் சான்றொன்று காட்டுவோம். எய்ட்சு நோய்க்குரிய இரிட்டோனவிர் என்னும் மருந்தை அமெரிக்காவின் அபாட்டுக் குழுமம் 1996ஆம் ஆண்டில் உறைமாத்திரையாக விற்பனைக்குக் கொணர்ந்தது. 1998இல், அதுகாறும் எவரும் கண்டிராத வேறொரு படிகவடிவம் அவ்வுறைகளுள் தோன்றியது. மூலக்கூறு அதுவே, அடுக்கிய முறை மட்டுமே வேறு. ஆயினும் புதுப்படிகம் முன்னதினும் மிகக் குறைவாகவே கரைந்தது. உறைமாத்திரை கடைகளினின்று மறைந்தது. அதனையே நம்பியிருந்தோர் வாயில் வைக்கவொண்ணாச் சுவையுடைய நீர்மத்தைப் பருக நேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த மாற்று உறைமாத்திரையையோ குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டியிருந்தது. மின்விளக்கே எட்டாத ஆப்பிரிக்கச் சிற்றூரில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது?

படிகத்தில் மூலக்கூறுகள் அணிவகுத்த படைஞரைப்போல் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. அவ்வணியை நீர் உடைத்தாக வேண்டும். திருவிழாக்களில் விற்கும் பஞ்சுமிட்டாயை எண்ணிப் பாருங்கள். அதன் பெயரிற் பாதி வேற்றுச்சொல், அது நிற்க. கற்கண்டும் அதுவும் ஒரே பொருள்தாம். கற்கண்டு கடைவாயில் நெடுநேரம் கிடக்கும். பஞ்சோ நாவிற் பட்டதும் மாயும். உருகிய சருக்கரை இழையாகச் சிதறி நொடியிற் குளிர்வதால் மூலக்கூறுகள் அணிவகுக்க நேரம் பெறவில்லை. இழை மெல்லிதாகலின் நீர்படும் பரப்பும் மிகுதி. ஆனால் அதனையே மழைநாளிற் சற்றுத் திறந்துவைத்தால் ஈரத்தை ஈர்த்துச் சுருங்கிப் பிசுபிசுத்து மீண்டும் படிகமாகத் தொடங்கும். விரைந்து கரைவது விரைந்து கெடவும் செய்கிறது. மருந்தியலார் முட்டிக்கொண்ட சுவர் இதுவே.

பல்லுறுப்பி உதவுவது இவ்விடத்தில்தான். ஒரே உறுப்பு பன்முறை தொடர்ந்து நீண்ட பொருளாகலின் அதற்கு அப்பெயர். பாலிமர் என்று ஏன் திணற வேண்டும்? மருந்தின் மூலக்கூறுகளை அது தன் நீண்ட சங்கிலிகளுக்கிடையே பிரித்து நிறுத்தி, ஒன்றுகூடி அணிவகுக்கவொட்டாது தடுக்கிறது. கரைந்தபின்னும் குடல்நீரில் மருந்து மீண்டும் படிந்துவிடாதவாறு சிறிதுநேரம் தாங்குகிறது. இரிட்டோனவிரும் இவ்வழியிலேயே மீண்டது: பல்லுறுப்பியோடு சேர்த்து உருக்கிப் பிழிந்த மாத்திரை, குளிர்ப்பெட்டி வேண்டாமலே 2010இல் வந்தது.

ஆயினும் உருக்கும் வெப்பத்தைத் தாங்காத மருந்துகளும் உள. அவற்றிற்கே மின்னூற்பு. மருந்தையும் பல்லுறுப்பியையும் ஒருங்கே கரைத்து நுண்குழாய் வழியே விட்டுப் பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தந்தால், துளி கூம்பாக நீண்டு இழையாகப் பாயும். கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிட, உலர்ந்த நார் எதிர்த்தகட்டிற் படியும். தலைமயிரினும் நூறுமடங்கும் அதற்கு மேலும் மெல்லிய நார்! 1934இலேயே பார்மால்சு என்பார் இத்தகைய நூற்புக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மருந்திற்கு அது வந்தது நெடுநாட் கழித்தே. பூஞ்சைநோய்க்குரிய இட்ராகோனசோலை இவ்வாறு நூற்ற ஆய்வு 2003இல் வெளிவந்தது.

எனினும் ஆய்வுரைகள் பலவற்றின்மீது எமக்கொரு குறை உண்டு. சில மணித்துளிகளிற் கரைந்தது என்று வரைபடம் வரைந்து மகிழ்கின்றனர்; ஈரக்காற்றில் ஆறு திங்கள் கிடந்தபின் அந்நார் என்னவாயிற்று என்பதைச் சிலரே சொல்கின்றனர். நீரை விரும்பும் பல்லுறுப்பி காற்றிலுள்ள நீரையும் விரும்பும். ஈரம் புகுந்தால் சங்கிலிகள் தளரும், மருந்து நகர்ந்து கூடும், படிகமாகும். 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் ஆறு திங்கள் வைத்துப் பார்க்கும் ஆய்வு மருந்துலகில் வழக்கமானதே. அதனைக் கடவாத நார், சென்னையிலோ நாகையிலோ ஒரு மழைக்காலத்தைக் கடக்குமா? நச்சுக் கரைப்பான் எச்சம் எவ்வளவு, ஓர் ஊசி தரும் சிறுநாரைப் பேரளவாக்குவது எங்ஙனம் என்னும் வினாக்களும் உடன் நிற்கின்றன.

இவ்வகை மருந்துகளை ஈரம் புகாத் தகட்டுறையில் அடைப்பதும் இதன் பொருட்டே. வீட்டில் அவ்வுறையைப் பிரித்து மாத்திரைகளையெல்லாம் ஒரு செப்பிற் கொட்டி வைப்பார் உளர். உண்ணும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்தலே தக்கது.