இன்டக்‌ஷன் அடுப்பும் ஆறு ஆம்பியர் பாயிண்டும்

புதுச்சேரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தண்ணீர் எப்படி, அட்வான்ஸ் எவ்வளவு, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, அசைவம் சமைக்கலாமா. சமையலறைச் சுவருக்குள் ஓடும் வயர் என்ன சைஸ் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் இன்டக்‌ஷன் அடுப்பும் கையுமாகக் குடிவருகிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில் அட்வான்ஸுக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது அதைத்தான். அந்த வயரை மாற்றும் செலவும் வீட்டுக்காரர் தலையில்தான் விழ வேண்டும்.

இந்தச் சாமான்களை "ஹை வோல்டேஜ் ஐட்டம்" என்று சொல்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தப்பு. கொசுவிரட்டி மெஷினுக்கும் இன்டக்‌ஷன் அடுப்புக்கும் வருவது அதே 230 வோல்ட்தான். வித்தியாசம் இழுக்கிற கரண்டில் இருக்கிறது. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பக்கத்திலேயே 1500 வாட் கெட்டிலும் ஓடினால் மொத்தம் 15 ஆம்பியரைத் தாண்டும். நாலைந்து மாணவர்கள் சேர்ந்து தங்கும் அறைகளில் இந்த இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குவது சர்வ சாதாரணம். அந்த பாக்ஸ் செருகியிருப்பதோ 6 ஆம்பியர் பாயிண்டில்!

சின்ன மூன்று பின் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு, தடித்த பின் போகும் பெரிய பாயிண்ட் 16 ஆம்பியருக்கு. (பழைய ஆட்கள் வாயில் இன்னும் 5, 15தான்.) இதில் ஒரு வேடிக்கை. இந்த உருண்டைப் பின்கள் 1934-இல் வந்த பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் வாரிசுகள். பிரிட்டனே 1947-இல் 13 ஆம்பியர் சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கி, ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃப்யூஸையும் வைத்துவிட்டது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் தெருப்பெயர் பிரெஞ்சு, பிளக் பிரிட்டிஷ்! போகட்டும். இரண்டு சைஸ் வைத்ததற்குக் காரணமே, அதிக கரண்ட் இழுக்கும் பிளக் சின்ன பாயிண்டில் நுழையக் கூடாது என்பதுதான். கடையில் கிடைக்கும் ஒரு கன்வெர்ஷன் பிளக் அந்தக் காவலைக் காலி செய்துவிடுகிறது. பிளக் நுழைந்துவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் வயர் தடிமனாகிவிடாது.

"இத்தனை நாளா ஓடுதே, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல செம்பு வயரும் இறுக்கமான ஸ்க்ரூவும் இருந்தால் எடுத்த எடுப்பில் எதுவும் எரிந்துவிடாது. ஆபத்து பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கிறது. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை தளர்ந்து, அங்கே அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்த கதை இது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்பது பிளஸ் டூ பாடம். கடலோர ஊரின் உப்புக்காற்று வேறு உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. பழைய அலுமினிய வயர் என்றால் கேட்கவே வேண்டாம், ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி நசுங்கித் தானாகவே தளரும்.

முற்றம் வைத்த பழைய வீடுகளில் விறகடுப்புக் காலத்துச் சமையற்கட்டுக்கு ஒரு பல்பு போதுமாக இருந்தது. அதிலிருந்து மிக்ஸிக்கு ஒரு கிளை, கிரைண்டருக்கு ஒரு கிளை, பிறகு ஃப்ரிட்ஜ், பிறகு ஓவன். வீடு மூன்று போர்ஷனாகப் பிரிந்தது, டைல்ஸ் வந்தது, மாடுலர் கிச்சன்கூட வந்தது. வயர் மட்டும் தாத்தா காலத்தது.

இதைவிட மோசம் அடுத்து நடப்பது. அடுப்பைப் போட்டால் எம்.சி.பி. விழுகிறது என்று புகார் வரும். யாராவது வந்து 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 போட்டுக் கொடுப்பார்கள். இனி விழாது, எல்லோருக்கும் சந்தோஷம். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. மெலிந்த வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், வயர் உருகும்வரை அது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பீங்கான் ஃப்யூஸில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிற பழைய வித்தையேதான் இது, புது வேஷத்தில்.

எர்த் கதை இன்னும் சோகம். ஒரு காலத்தில் பல வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் வயரைச் சுற்றி விட்டிருந்தார்கள். பிறகு குழாய் பி.வி.சி. ஆனது. எர்த் போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எர்த் இல்லாமலும் அடுப்பு எரியும். ஆள் தொட்டு ஷாக் அடிக்கும்போது ஓடும் கரண்ட் மிகச் சின்னது, எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பாற்றும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டி, தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த ஊருக்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"வேணும்னா நீங்களே மாத்திக்கோங்க தம்பி" என்பது வீட்டுக்காரர்களின் வழக்கமான பதில். பதினோரு மாதம் இருக்கப்போகிறவர் யார் சுவரை உடைப்பார்? போர்டிலிருந்து சமையலறைக்குத் தனியாக ஒரு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், எர்த் வயரோடு. ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கென்று ஒரு எம்.சி.பி., வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. சுவரை உடைக்கக்கூட வேண்டாம், வெளியே பி.வி.சி. பைப் அடித்துக் கொண்டுபோகலாம். பல வீடுகளில் ஒரு மாத வாடகைக்குள் அடங்குகிற வேலை. வெள்ளையடித்துத் தருவதைக் கடமையாக நினைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

அதுவரை குடியிருப்பவர் செய்யக்கூடியது ஒன்று. இருபது நிமிடம் சமைத்த பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூடு இருந்தாலோ, பாயிண்டைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, அன்று இரவுச் சாப்பாடு கேஸ் அடுப்பில்.