ஓரைக்கு வேர் தேடுவோர்

'ஓரை' தூய தமிழ்ச்சொல். கிரேக்கர் அதை நம்மிடம் பெற்றே 'ஹோரா' என்றனர் என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. தொல்காப்பியத்தில் வரும் இச்சொல்லை ஒரு சான்றாகக் கொண்டு அந்நூலின் காலத்தைப் பின்தள்ளினார் வையாபுரிப்பிள்ளை. அவர் முடிவை மறுக்க எவருக்கும் உரிமையுண்டு. அதற்காகக் கிரேக்கச் சொல்லின் வரலாற்றை அழிக்க எவருக்கும் உரிமையில்லை.

அவ்வரலாறு தெளிவானது. ஹோமரிடத்தில் 'ஹோரா' பருவகாலம். பின்னர் அது பகற்பொழுதின் பன்னிரண்டில் ஒரு கூறு. சோதிடத்திலோ, பிறப்புவேளையில் கீழ்வானில் எழும் புள்ளிக்கு 'ஹோரோஸ்கோபோஸ்', அதாவது பொழுதை நோக்குவது, என்று பெயர். சங்கப் பாடல்களில் 'ஓரை' மகளிர் விளையாட்டு. விளையாட்டு எப்படிப் பொழுதாயிற்று? இடைப்பட்ட படிகளைக் காட்டாமல் ஒலியொப்புமையை மட்டும் நீட்டுவது ஆய்வாகாது.

ஒற்றைச் சொல்லில் ஐயமிருப்பின் ஒரு தொகுதியையே எடுத்துக்கொள்வோம். நம் சோதிடர் கேந்திரம், பணபரம், ஆபோக்லிமம் என்று வீடுகளை வகுக்கின்றனர். கிரேக்கத்தில் 'கென்ட்ரோன்' என்பது மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலின் முள், பிறகு கவராயத்தின் ஊன்றிய முனை, அதிலிருந்து மையம், சோதிடத்தில் வான்வட்டத்தின் நான்கு நிலைப்புள்ளிகள். 'எபனஃபோரா' அவற்றை அடுத்து எழுவது. 'அபோக்லிமா' சரிந்து விலகுவது. மூன்றும் அங்கே பொருள் பொதிந்த வழக்குச்சொற்கள். வடமொழியிலும் தமிழிலும் பின்னிரண்டும் வேரற்ற வெற்றொலிகள். வேர் இருக்குமிடம் எது, வந்துசேர்ந்த இடம் எது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கடன் பெறுவது இழிவென்றால் கிரேக்கரும் இழிந்தவரே. பகலைப் பன்னிரண்டாகப் பகுப்பதைப் பாபிலோனியரிடம் கற்றதாக ஹெரோடோட்டஸே எழுதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, கி.மு. 721இல் பாபிலோனில் பதிவான சந்திர கிரகணத்தைத் தம் கணக்குக்கு வெளிப்படையாக எடுத்தாண்டார். 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரரோ, யவனர் மிலேச்சராயினும் இச்சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருத்தலால் முனிவரைப் போலப் போற்றத்தக்கவர் என்றார். அவர்களுக்கு இல்லாத நாணம் நமக்கு எதற்கு?

இழப்பு நமக்கே. யவனரோடு தமிழகத்துக்கு மெய்யான வணிக உறவு இருந்தது; சங்கப் பாடல்களும் அகழாய்வுகளும் அதற்குச் சான்று. வேர்ச்சொல் விளையாட்டை ஆய்வென்று வகுப்பறையில் கற்கும் மாணவர், நாளை அந்த உண்மையைச் சொன்னாலும் உலகம் அதையும் விளையாட்டென்றே தள்ளிவிடும்.